தரங்கம்பாடியில் பெயர் பெற்ற களவா

கடந்த தை மாதத்தில் ஒருநாள், பொழுது புலர்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்த வேளையில், தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு ஃபைபர் படகு கரையேறியது. விலைமீனும் சங்கராவும் நிறைந்திருந்த அதன் பெட்டிக்குள் ஒரே ஒரு களவா கிடந்தது. தூண்டிலில் பட்ட மீன். நீளம் 70 சென்டிமீட்டர், எடை ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏலம் தொடங்குவதற்குள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளப் படகுக்காரர் இசைந்தார்.

அதை மணலில் கிடத்தி முதுகுத் துடுப்பை விரித்தேன். பதினொரு முட்கள் இருந்தன. அவற்றைத் தொடர்ந்து மென்கதிர்கள். செவுள்மூடியின் விளிம்பில் தட்டையான மூன்று முட்கள் தடவிப் பார்த்தால்தான் தெரியும்படி தோலுக்குள் பதிந்திருந்தன. வால் பிளவுபடாமல் விசிறிபோல் வட்டமாக முடிந்தது. பழுப்புச் சாம்பல் நிற உடம்பில் சற்றே சாய்ந்த ஐந்து கரும்பட்டைகளும், அவற்றின்மேல் மிளகைத் தூவினாற்போல் கருமையான சிறு புள்ளிகளும், புள்ளிகளுக்கு இடையே வெளிறிய திட்டுகளும் தெரிந்தன. தாடையின் அடிப்புறத்திலும் நெஞ்சிலும்கூடப் புள்ளிகள் இருந்தன. ஐயத்திற்கு இடமில்லை, அது எபிநெஃபெலஸ் மலபாரிகஸ் என்னும் அறிவியல் பெயருள்ள களவா இனம். அந்த மீனை அந்தக் கரையில் வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தனியொரு மகிழ்ச்சி உண்டு. அறிவியல் உலகம் இந்த இனத்திற்குப் பெயர் வைத்தது இதே ஊரிலிருந்து சென்ற மீனைக் கொண்டுதான்.

டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு 1771ஆம் ஆண்டு கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியச் சமயப் பணியாளர் வந்தார். பள்ளிகள் நடத்தியதோடு, இக்கடற்கரையின் மீன்களையும் சங்குகளையும் செடிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய மீன்கள் பெர்லினில் மருத்துவராகவும் மீனியல் அறிஞராகவும் விளங்கிய மார்க்கஸ் எலீசர் பிளாக்கின் கைக்குச் சென்றன. பிளாக் 1799இல் இறந்தபின், அவர் முடிக்காமல் விட்ட பெருநூலை யோகான் கோட்லோப் ஷ்னைடர் நிறைவு செய்து 1801இல் வெளியிட்டார். நம் களவா அந்த நூலில்தான் முதன்முதலாக 'மலபாரிகஸ்' என்ற பெயருடன் இடம்பெற்றது. சோழமண்டலக் கரையில் பிடித்த மீனுக்கு மலபாரின் பெயர் ஏன் வந்தது என்று படிக்கும் காலத்தில் நான் குழம்பியதுண்டு. அக்கால ஐரோப்பியர் தமிழரை 'மலபாரியர்' என்றும் தமிழ்மொழியை 'மலபார் மொழி' என்றும் குறிப்பிட்டு வந்தனர் என்பதை அறிந்தபின் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. செப்பிலி இனத்தைச் சேர்ந்த மற்றொரு மீன், லுட்ஜானஸ் ஜானியை, ஜானின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்த தரங்கம்பாடி மீனவர் எவருடைய பெயரும் எந்த நூலிலும் இல்லை. எனக்கு அது தீராத வருத்தம்.

எபிநெஃபெலஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேகம் கவிந்தது என்று பொருள். உயிரோடு இருக்கும் களவாவைக் கண்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். மணல்மேல் இருக்கும்போது வெளிறியும், பாறையிடுக்கில் ஒதுங்கும்போது கறுத்தும், சீண்டினால் பட்டைகள் திடீரெனத் துலங்கியும், அதன் உடம்பில் நிறம் மேகம்போலவே நகர்ந்துகொண்டிருக்கும். தோலிலுள்ள நிறமணுக்கள் விரிவதாலும் சுருங்குவதாலும் நிகழ்வது இது. இந்த நிறமாற்றமே இனங்காண்பதில் பெருங்குழப்பத்தையும் உண்டாக்கிவிட்டது. களவா இனங்கள் உலகில் 160க்கும் மேற்பட்டவை. அவற்றுள் மலபாரிகஸும், ஆரஞ்சுப் புள்ளிக் களவா எனப்படும் எபிநெஃபெலஸ் கோயாய்டஸும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை: அதே ஐந்து பட்டைகள், அதே வட்ட வால், அதே முள் எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்து நெடுங்காலமாக எபிநெஃபெலஸ் டாவினா என்றே பலர் எழுதி வந்தனர். அது உண்மையில் பவளப்பாறைகளில் வாழும் வேறோர் இனம். ஆகையால் பழைய ஆய்வறிக்கைகளில் டாவினா என்று கண்டவுடன் இது எந்தக் களவாவாக இருக்கும் என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கோயாய்டஸின் புள்ளிகள் செம்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். மலபாரிகஸின் புள்ளிகள் கரும்பழுப்பு, கூடவே அந்த வெளிறிய திட்டுகள். ஐஸில் ஒருநாள் கிடந்த மீனில் ஆரஞ்சு மங்கிவிடுவதால், படகிலிருந்து இறக்கியவுடனே பார்ப்பது நல்லது.

அந்தத் தரங்கம்பாடி மீனின் வாயைத் திறந்து பார்த்தேன். என் கைமுட்டி தாராளமாக உள்ளே போயிற்று. களவாவின் உடலமைப்பு முழுவதும் அந்த வாய்க்காகவே அமைந்தது என்று சொல்லலாம். அது துரத்தி வேட்டையாடும் மீன் அன்று. பாறை நிழலில் அசையாமல் கிடந்து, இரை எட்டும் தூரத்திற்கு வந்தவுடன் வாயையும் செவுள்மூடிகளையும் ஒரே கணத்தில் விரிக்கிறது. உள்ளே திடீரென இடம் பெருகுவதால் நீர் பாய்ந்து நுழைகிறது. நீரோடு இரையும் நுழைகிறது. தாடையில் உள்ள பற்கள் உட்புறமாகச் சாயக்கூடியவை என்பதால் உள்ளே சென்ற நண்டோ மீனோ வெளியே நழுவ முடியாது. கடித்துத் துண்டாக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. களவா இரையை முழுதாகவே விழுங்குகிறது. மீன், நண்டு, இறால், எப்போதாவது பேய்க்கணவாய் என்று அதன் உணவுப் பட்டியல் எளிமையானது. செங்கடலில் வாழும் களவா உறவினம் ஒன்று, இடுக்கில் பதுங்கிய இரையைத் தன்னால் எட்ட முடியாதபோது, விலாங்கு போன்ற பெரிய மோரே மீனிடம் சென்று தலையை வேகமாக அசைத்து அதை வேட்டைக்கு அழைத்துச் செல்வதாக ரெடுவான் பிஷாரியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் விரிவாக எழுதினர். நம் களவா அவ்வாறு செய்வதை யாரும் கண்டதாக நான் படித்ததில்லை. ஆனாலும் அந்த ஆய்வைப் படித்த பிறகு, அசையாமல் கிடக்கும் மீனை மந்தமான மீன் என்று எண்ணும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

இந்த மீனின் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது அது வாழும் இடங்களின் வரிசை. பெரிய மீன்கள் கரைக்கு வெளியே, பாறையும் பவளமும் உள்ள இடங்களில், 150 மீட்டர் ஆழம் வரையிலும் வாழ்கின்றன. நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகள்தாம் அவற்றின் வீடு. அங்கே நீர்ப்பரப்பில் விடப்படும் முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ளவை. உள்ளே ஒற்றை எண்ணெய்த் துளி இருப்பதால் மிதக்கின்றன. வெதுவெதுப்பான கடல்நீரில் ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடுகின்றன. பொரிந்து சில நாட்களில், முதுகுத் துடுப்பின் இரண்டாம் முள்ளும் வயிற்றுத் துடுப்புகளின் முட்களும் உடம்பின் அளவுக்கு ஒவ்வாத நீளத்திற்கு வளர்ந்து, கண்ணாடிபோன்ற அந்தச் சிற்றுயிரைப் பட்டம்போல் காட்டுகின்றன. விழுங்க வரும் பகைக்கு அவை தொண்டையில் சிக்கும் முள்ளாகின்றன. ஒரு மாதத்திற்கு மேல் நீரோட்டத்தில் மிதந்து திரிந்தபின் முட்கள் சுருங்கி, உடம்பில் நிறமும் பட்டைகளும் ஏறி, அது களவாக் குஞ்சாகிறது. அப்போது அது தேடுவது ஆழத்தை அன்று, கரையை. கழிமுகங்கள், உப்பங்கழிகள், அலையாத்திக் காடுகளின் வேரடிகள், கடற்புல் வெளிகள், அலை தேங்கும் பாறைக்குழிகள் ஆகியவை அதன் இளமைக்கால இடங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்தது பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் பயின்ற காலத்தில். நேரில் புரிந்துகொண்டது முத்துப்பேட்டையில். அங்குள்ள கழியில் நண்டுவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருடன் ஒரு பகல் முழுவதும் படகில் இருந்தேன். மூன்றாவது வலையில் கை நீளம்கூட இல்லாத ஒரு களவாக் குஞ்சு சிக்கியிருந்தது. சிறிய உடம்பில் பட்டைகள் தெளிவாக இருந்தன. வலைக்கண்ணில் செவுள்முள் மாட்டிக்கொண்டதால் அதை விடுவிக்க அவர் நூலைப் பல்லால் கடிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கழியில் பெரிய களவா கிடைக்குமா என்று கேட்டேன். "கிடைக்காது தம்பி. இது இங்க பெருகுற மீனு இல்ல. கொஞ்ச காலம் தின்னுட்டு வளந்துட்டு வெளிய பாருக்குப் போயிடும். போனது திரும்பி வராது" என்றார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கழிமுகங்களில் மார்க்கஸ் ஷீவ்ஸ் ஆய்வு செய்து 1995இல் வெளியிட்ட முடிவும் இதுவே. மலபாரிகஸும் கோயாய்டஸும் அங்கே நல்ல அளவுக்கு வளர்ந்திருந்தன. பார்ப்பவர் முதிர்ந்த மீன் என்றே நினைப்பார். அறுத்துப் பார்த்தபோது அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் முதிராமல் இருந்தன. கழிமுகம் அவற்றுக்கு வளரும் இடம், குடும்பம் நடத்தும் இடம் வேறு. முத்துப்பேட்டைப் பெரியவர் சில வாக்கியங்களில் சொன்னதை நிறுவுவதற்குத்தான் அத்தனை மீன்களை அளந்து அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு அறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆகவே ஒரு களவாவின் வாழ்க்கை, கழியையும் கரையோரப் பாறையையும் ஆழத்துப் பாரையும் கோத்த ஒற்றை நூல். இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பாரில் மீன் குறையும். குறைந்ததன் காரணமோ பல கிலோமீட்டருக்கு அப்பால் சேற்றில் இருக்கும். முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பகுதி அலையாத்தி மரங்களே. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலில் அவை கடுமையாகச் சேதமடைந்தன. புயலுக்கு முன்பிருந்தே காவிரியின் கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்துகொண்டு வந்தது. தெற்கே மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகளே நீரில் அமிழ்ந்துபோயின. எஞ்சியுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பாறைகளில் 2010லும் 2016லும் கடல்நீர் மிகுதியாகச் சூடேறிப் பவளங்கள் வெளிறின. களவாவைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் மரத்தையும் ஆற்றையும் பவளத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகத் தோன்றலாம். இம்மூன்றும் இன்றி இம்மீனைப் பற்றி முழுமையாக எழுத எனக்கு வழி தெரியவில்லை.

இனி அதன் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். களவா முதிரும்போது முதலில் பெண்ணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் முட்டையிட்டபின், உடல் பெருத்த மீன்களில் சில ஆணாக மாறுகின்றன. சூலகத் திசு மெல்லச் சிதைந்து, அதே உறுப்பினுள் விந்துத் திசு பெருகுகிறது. பெண்மை இயக்குநீர் (ஹார்மோன்) குறைய ஆண்மை இயக்குநீர் கூடுகிறது. ஜப்பானின் ஒக்கினாவாவில் ஆய்வாளர்கள் ஒரு வயதுகூட நிரம்பாத மலபாரிகஸ் குஞ்சுகளுக்கு ஆண்மை இயக்குநீர் கொடுத்து, அவற்றின் உடம்பில் விந்தணு உருவாவதைக் கண்டிருக்கிறார்கள். இயற்கையிலோ இந்த மாற்றம் பல ஆண்டுகள் கழித்து, பெரிய உடம்பில்தான் நிகழும். இதற்கான காரணத்தை மைக்கேல் கிசெலின் 1969இல் விளக்கினார். சிறிய உடம்புள்ள பெண்ணும் ஓரளவு முட்டையிட முடியும். ஆனால் சிறிய உடம்புள்ள ஆண் பெரிய ஆண்களுக்கு நடுவே இணைசேர வாய்ப்பே பெறுவதில்லை. ஆகவே சிறிதாக இருக்கும் காலத்தில் பெண்ணாகவும், பெரிதானபின் ஆணாகவும் வாழும் மீனே கூடுதலான வாரிசுகளை விட்டுச்செல்லும்.

இதன் விளைவை நம் மீன்பிடித் தொழிலோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. ஏலத்தில் எல்லோரும் வியந்து படமெடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய களவா பெரும்பாலும் ஆண். மலபாரிகஸ் 150 கிலோ எடை வரை வளரக்கூடியது என்று மீன் நூல்கள் கூறுகின்றன. நம் இறங்குதளங்களில் இன்று பத்துக் கிலோ மீன் வந்தாலே அதைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் பாரில் ஆண்கள் அருகிப்போகும். மெக்சிகோ வளைகுடாவில் காக் எனப்படும் களவா இனத்தில் இதுதான் நேர்ந்தது. 1970களில் ஏறத்தாழ 17 விழுக்காடாக இருந்த ஆண்களின் பங்கு 1990களில் இரண்டு விழுக்காட்டு அளவுக்குச் சரிந்தது. பெண்கள் நிறைய இருந்தும் முட்டைகளைக் கருவுறச் செய்ய ஆண்கள் போதாத நிலை அது. நம் பக்கத்திலோ நெருக்கடி இருமுனையிலும் இருக்கிறது. ஒருபுறம் பெரிய மீனுக்கு நல்ல விலை. மறுபுறம் உணவகத் தட்டில் முழுதாக வைத்துப் பரிமாறத்தக்க, ஒருமுறைகூட முட்டையிடாத அரைக்கிலோ மீனுக்கும் அதே அளவு தேவை. என் கருத்தில், இரண்டையும் விட்டு இடைப்பட்ட அளவுள்ள மீனை வாங்குவது உண்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம். நான் சில ஆண்டுகளாக அவ்வாறே செய்து வருகிறேன். சட்டத்தைப் பொறுத்தவரை, ராட்சதக் களவா எனப்படும் எபிநெஃபெலஸ் லான்சியோலாடஸ் மட்டும் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

வளர்ப்பு மீனே இதற்கு விடை என்று சொல்பவர்கள் உண்டு. தைவானிலும் தாய்லாந்திலும் மலபாரிகஸ் நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. இங்கும் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் களவாவின் பால்மாற்றத்தை இயக்குநீரால் தூண்டி இனப்பெருக்கத்திற்கு முயன்றது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விசாகப்பட்டினம் மையம் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டியது. ஆனால் இது எளிய வேலை அன்று. பொரித்த குஞ்சின் வாய் மிகச் சிறிது என்பதால், ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணிய நீர்வாழ் உயிர்களில் மிகச் சிறிய வகையைத் தேர்ந்து முதல் உணவாகக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில்தான் பெரும்பாலான குஞ்சுகள் மடிகின்றன. தப்பியவை சற்று வளர்ந்ததும் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கும் என்பதால் அடிக்கடி அளவு பிரித்துத் தொட்டி மாற்ற வேண்டும். நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று வந்தால் தொட்டி முழுவதும் சில நாட்களில் போய்விடும். இவ்வளவையும் கடந்து வளரும் மீனுக்கு உணவாவது பெரும்பாலும் கடலில் பிடித்த சிறுமீன்களே. கழிகளிலிருந்து குஞ்சுகளைப் பிடித்துக் கூண்டில் இட்டு வளர்ப்பதை வளர்ப்பு என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. அது பாருக்குப் போக வேண்டிய மீனை வழியிலேயே மறிப்பது.

அன்று அந்தக் களவா ஏலம் போனபின், அதை வாங்கிய வியாபாரியிடம் வேண்டிக்கொண்டு தலையை மட்டும் பெற்றுக்கொண்டேன். வீட்டில் மூளைக்கு அருகே உள்ள பகுதியைக் கவனமாகத் திறந்து, உட்செவியில் இருக்கும் செவிக்கற்களில் பெரியவை இரண்டையும் எடுத்துக் கழுவினேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் பாதியளவு இருந்தது. ஒருபுறம் பள்ளமும் மறுபுறம் மேடுமாக, வெள்ளைச் சோளத்தைச் சப்பையாக்கினாற்போன்ற வடிவம். மரத்தில் ஆண்டு வளையம் விழுவதுபோல் இதிலும் அடுக்கடுக்காகச் சுண்ணம் படிந்துகொண்டே வருகிறது. அந்தந்த வயதில் மீன் வாழ்ந்த நீரின் சாயலும் அந்தந்த அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. கடல்நீரில் வாழ்ந்த காலத்தின் அடுக்கில் ஸ்ட்ரான்ஷியமும், நன்னீர் கலக்கும் கழிமுகத்தில் வாழ்ந்த காலத்தின் அடுக்கில் பேரியமும் ஆகிய தனிமங்கள் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். உரிய கருவி உள்ள ஆய்வகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை அளந்தால், இந்த மீன் எந்த வயதில் கழியை விட்டுக் கடலுக்குச் சென்றது என்பதைக் கணிக்க முடியும். ஒரு கல்லைப் பிசினில் பதித்து, மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் மங்கலான ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒளி புகும் வளையமும் புகாத வளையமும் மாறிமாறி வந்தன. மூன்று முறை எண்ணினேன். இருமுறை ஏழும் ஒருமுறை எட்டும் வந்தன. மற்றொரு கல்லைத் தேய்க்காமல், இடமும் நாளும் எழுதிய சிறு டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.